போனுக்குப் பேர் அம்மா

"என் பிள்ளை என் முகத்தை மறந்துடணும்னுதானே போனை எடுக்க மாட்டேங்கிறீங்க அண்ணி?"

"எடுக்காமத்தான் தினம் உன் முகத்தைத் துடைச்சுத் துடைச்சு வெக்கிறேனா? பால் கையோட அவ தடவுறது போன்ல தெரியற உன் மூஞ்சியைத்தான்மா. வந்து பாரு. ஓ, உன்னாலதான் வர முடியாதே!"

"வேணும்னே குத்தாதீங்க."

"குத்தினா வலிக்குதுல்ல? அவளுக்குப் பல்லு முளைச்சப்போ கடி வாங்கினவளுக்கும் வலிச்சுது."

பார்லர் கதவு திறந்திருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஒரு புருவம் முடிந்து மறு புருவம் முடியாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்த மாடி வீட்டு டீச்சர், கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார். பார்லர்க்காரி வேலை செய்யும்போது நூலின் ஒரு முனை அவள் பல்லில் இருக்கும். அந்த நூலை அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டால், யாருக்கோ நல்ல பூசை நடக்கப்போகிறது என்று எங்கள் கட்டிடத்துக்கே தெரியும். அன்றைக்கு நூல் டீச்சரின் மூக்கின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் இருந்தது அவளுடைய தம்பி பெண்டாட்டி. வெளிநாட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். தம்பியும் அங்கேதான், லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் மாறி மாறி ஷிஃப்ட். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நிற்கக்கூடப் பழகாத மகளை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா கல்யாணமாகிப் போன வேகத்தில் திரும்பி வந்தவள். காரணத்தை யாரிடமும் சொல்லாததால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். குழந்தைக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, அது பாஸ்போர்ட்டோடு சரி. மற்றபடி சுண்டு. இப்போது நர்ஸுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, குழந்தைகள் காப்பகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. பிள்ளையைக் கேட்டாள். அவ்வளவுதான் சண்டை.

"கொஞ்சம் நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்று தம்பியின் குரல் நடுவில் புகுந்தது. "அக்கா, எங்களுக்கு லீவு இல்ல. நீயே கூட்டிட்டு வா. ரெண்டு வாரம் இரு. பிள்ளை இவகிட்ட ஒட்டலைன்னா நீயே திரும்பக் கூட்டிட்டுப் போயிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். போதுமா?"

பார்லர்க்காரி போனைக் கிட்டே இழுத்தாள். "பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

"ஒட்டும்" என்றது நர்ஸின் குரல், மெதுவாக. போன் அடங்கியது.

"இன்னொரு புருவம்..." என்று டீச்சர் நினைவுபடுத்தினார்.

அந்த "ஒட்டலைன்னா" என்ற சொல்லைப் பார்லர்க்காரி எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்பது அடுத்தடுத்த நாட்களில் கட்டிடத்துக்கே தெரிந்துபோனது. பெட்டி கட்டினாள், ஆனால் சுண்டுவின் துணியில் பாதி அலமாரியிலேயே இருந்தது. தடுப்புக் கம்பி வைத்த குட்டிக் கட்டிலை மடிக்கவில்லை. கதவில் "இரண்டு வாரம் விடுமுறை" என்று எழுதி ஒட்டியவள், "குழந்தையும் நானும் வந்ததும் திறப்போம்" என்று கீழே சேர்த்து எழுதினாள். டீச்சர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாடியேறினார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் மாடியேறுவது அபூர்வம்.

அவளுடைய தைரியத்துக்குக் காரணம் இருந்தது. சுண்டு போனைத்தான் அம்மா என்பாள். தினமும் மத்தியானம் போன் அடிக்கும்போது, "சுண்டு, ஓடி வா, அம்மா வந்துட்டா!" என்று அத்தைக்காரி கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியாகிவிட்டது. சார்ஜரில் கிடக்கும் போனைக் காட்டி "அம்மா" என்பாள். தண்ணீர் கேன் போடுகிறவர் போனில் கூப்பிட்டாலும் "அம்மா". பார்லருக்கு வருகிற பெண்கள் தங்கள் போனை எடுத்து நீட்டி, "இது யாருடி?" என்று கேட்பார்கள். "அம்மா!" என்பாள். சாயம் பூசிய தலைகளெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். "பெத்தவ போனாவே ஆயிட்டா, பாவம்" என்று யாராவது சொல்வார்கள். பார்லர்க்காரியும் சிரிப்பாள். ஒரு நாளும் திருத்தியதில்லை. "போன் வேற, அம்மா வேறடி தங்கம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. போனை அம்மா என்று நினைக்கிற பிள்ளை, நிஜ அம்மாவை நேரில் கண்டால் அலறாமல் என்ன செய்யும்?

கிளம்புகிற நாளில் ஏர்போர்ட் மாமா படியில் வழிமறித்தார். ஒரே ஒரு தடவை மகள் வீட்டுக்குப் பறந்துபோய் வந்தவர். அதுவும் இரண்டு பக்கமும் தூங்கிக்கொண்டே. அதன்பிறகு விமானம் பற்றிய எந்தச் சந்தேகமும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

"ஏறும்போதும் இறங்கும்போதும் பாட்டிலை வாயில வை. விழுங்க விழுங்கக் காது அடைக்காது. பிள்ளைக்கு மாத்துத் துணி எல்லாரும் எடுப்பாங்க. உனக்கு ஒரு செட் கைப்பையில வெச்சுக்கோ. அதுதான் ஒருத்தருக்கும் தோணாது."

"எனக்கு எதுக்கு மாமா? நானா கக்கப் போறேன்?"

"என் கடமைக்குச் சொல்லிட்டேன்மா."

பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் அதிகாரி பெற்றவர்களின் சம்மதக் கடிதத்தைப் படித்தார், குழந்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க அத்தை. சரி. பாப்பா, அம்மா எங்க?" சுண்டு தயங்கவே இல்லை, அத்தையின் கையிலிருந்த போனைக் காட்டினாள். கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதருக்கே உதடு கோணியது. முத்திரை குத்தினார். பார்லர்க்காரிக்கு உச்சி குளிர்ந்தது.

விமானத்தில் பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து, அவளுடைய பெல்ட்டில் கோத்து, மடியிலிருந்த சுண்டுவின் இடுப்பில் மாட்டிவிட்டாள். குழந்தையின் முதுகு அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு பெல்ட் இருப்பதை எந்த மாமாவும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். விமானம் எழும்பியபோது பாட்டிலைக் கொடுத்தாள். சுண்டு குடித்தாள், காது அடைக்கவில்லை. பெல்ட் விளக்கு அணைந்து அதைக் கழற்றியதும், குடித்த அத்தனையையும் அத்தையின் நெஞ்சிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

குழந்தைக்கு மாற்ற ஒரு கடையே பையில் இருந்தது. தனக்கு ஒரு கைக்குட்டைதான். துடைத்துவிட்டு, சால்வையால் மேலே போர்த்திக்கொண்டாள். சால்வையும் நனைந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயிறு காலியானதும் சுண்டுவுக்குத் தெம்பு வந்துவிட்டது. நடைபாதையில் இறங்கினாள். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒரு சின்னத் திரை. முதல் திரைக்கு முன்னால் நின்று, விரலை மடக்கித் தட்டினாள்.

"அம்மா?"

யாரோ சண்டை போடும் படம் ஓடியது. அடுத்த சீட்டுக்குப் போனாள். தட்டினாள். "அம்மா?" அங்கே வரைபடத்தில் ஒரு குட்டி விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது. ஆட்கள் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "என்னத்தைத் தேடுது பிள்ளை?" என்று கேட்டார்.

"போனை நினைச்சுக்கிட்டு திரியுதுங்க. போனைத்தான் அம்மான்னு சொல்லும்" என்று பார்லர்க்காரி, பார்லரில் சொல்கிற அதே சிரிப்போடு சொன்னாள். "இந்தாடி, உங்கம்மா." தன் போனை எடுத்து நீட்டினாள்.

சுண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். திரை கறுப்பாக இருந்தது. தட்டினாள். பொறுத்துப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. போனை அத்தையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா இல்ல."

"பாட்டு வெக்கட்டுமா? மாட்டுப் பாட்டு?"

"அம்மா இல்ல" என்றாள் சுண்டு மறுபடி, இவளுக்குத்தான் விளங்கவில்லை என்பது போல. அடுத்த சீட்டுக்குப் போய் விரலை மடக்கினாள்.

பார்லர்க்காரி நடைபாதையில் அப்படியே நின்றாள். தள்ளுவண்டியோடு வந்த பணிப்பெண் இரண்டு தடவை வழி கேட்க வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளை ஒரு நாளும் போனை அம்மா என்று நினைத்ததில்லை. பிள்ளைக்குப் போன் ஒரு கதவு. எந்தப் போனிலிருந்தும் அம்மா எட்டிப் பார்க்கக்கூடும் என்றுதான் நீட்டியவர்களின் போனையெல்லாம் காட்டி அழைத்திருக்கிறது. நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து சிரித்தவர்களுக்குத்தான் புத்தி மட்டு. அவர்களில் முதல் நாற்காலி யாருடையது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

இறங்கும்போது மறுபடி குட்டி பெல்ட். பாட்டிலை உறிஞ்சியபடியே சுண்டு தூங்கிவிட்டாள். பார்லர்க்காரி அந்தப் பெல்ட்டின் பிடியை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

வெளியே, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், நர்ஸ் புதுத் துணியில் நின்றாள். கையில் பிள்ளையைவிடப் பெரிய கரடி பொம்மை. தம்பிக்கு நெற்றி ஏறியிருந்தது. "சுண்டு! என் தங்கம்!" என்று ஓடிவந்தாள் நர்ஸ். தூக்கத்திலிருந்து விழித்த குழந்தை கரடியைப் பார்த்தது, பாய்ந்து வரும் பெண்ணைப் பார்த்தது, ஊரே திரும்பிப் பார்க்க வீறிட்டது. இரண்டு கையாலும் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நர்ஸ் அங்கேயே நின்றுவிட்டாள். கரடி காலைத் தொட்டுத் தொங்கியது.

பார்லர்க்காரி எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். இரண்டு வாரமும் இப்படியே சும்மா நின்றால், திரும்பும்போது அந்தக் குட்டி பெல்ட்டை மறுபடி மாட்டுவார்கள்; மடிக்காத கட்டில் மடிக்காமலே இருக்கும்.

"போகப் போகப் பழகிடும்" என்றான் தம்பி தரையைப் பார்த்து. "இல்லேன்னாலும்... நான் சொன்னது சொன்னதுதான் அக்கா."

"நீ சும்மா இருடா. என் போனுக்கு நெட் கொடு." பிறகு நர்ஸைப் பார்த்து, "உன் போனை எடும்மா. என்னைக் கூப்பிடு. முகம் தெரியற மாதிரி" என்றாள்.

"அண்ணி, இங்கதானே நிக்கிறேன்..."

"இங்க நிக்கிறவளை அவளுக்குத் தெரியாது. கூப்பிடு."

போன் அடித்தது. கழுத்தில் புதைந்திருந்த தலை உடனே நிமிர்ந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய, "அம்மா!" என்றாள் சுண்டு. பார்லர்க்காரி போனைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள். திரையில் அம்மா வந்தாள்.

"பேசு. தினம் பேசறதையே பேசு."

"என்... என் சுண்டு பால் குடிச்சாச்சா?" குரல் போனிலிருந்தும் வந்தது, எதிரிலிருந்தும் வந்தது. சுண்டு விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினாள். "கிட்ட வா, இன்னும் கிட்ட" என்று அண்ணி வாயசைக்க, நர்ஸ் ஒவ்வோரடியாக வந்து போனுக்கு நேர் பின்னால் நின்றாள். பார்லர்க்காரி போனை மெதுவாக, மிக மெதுவாக, கீழே இறக்கினாள்.

சுண்டு போனைப் பார்த்தாள். போன் இருந்த இடத்தைப் பார்த்தாள். கையை நீட்டி மூக்கைத் தொட்டாள். இந்த முகம் ஈரமாக இருந்தது. திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"அம்மா?"

ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைப் பார்லர்க்காரி அங்கே சொன்னாள். "ஆமாடி. இதுதான் அம்மா. அது போன்."

கை மாறும்போது குழந்தை ஒருமுறை விக்கியது. உடனே பார்லர்க்காரி தன் சால்வையை உருவி நர்ஸின் புதுத் துணியின் மேல் போட்டாள். சுண்டு அதில் மூக்கைத் தேய்த்தாள், தலையைச் சாய்த்தாள்.

"புளிச்ச வாடை அடிக்குது அண்ணி" என்றாள் நர்ஸ், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில்.

"உன் பிள்ளை போட்டதுதான். அவ பழகற வரைக்கும் தோய்க்காத."

இரண்டு வாரமும் தங்கினாள். தனியாகத் திரும்பி வரும் விமானத்தில் பணிப்பெண் குட்டி பெல்ட்டுகளோடு கடந்தபோது தன் கை தானாக நீண்டுவிட்டது என்று டீச்சரிடம் மட்டும் சொன்னாள். டீச்சரிடம் சொன்னால் போதும், மற்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பார்லரைத் திறந்தாள். ஏர்போர்ட் மாமா நேரே வந்து அவள் துணியைப் பற்றித்தான் கேட்டார். "சொன்னேனா இல்லையா?" "சொன்னீங்க மாமா." பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த மனிதருக்கும் சில இடங்களில் வாயை மூடத் தெரிந்திருந்தது. புருவம் எடுக்கும்போது நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வருவது வழக்கம். கொஞ்ச காலம், நின்று எடுக்கிறவளுக்கும் வந்தது. யாரும் தங்கள் போனை வெளியே எடுக்கவில்லை.

நர்ஸ் ஒரு நாள் கூப்பிட்டு, "அண்ணி, இந்த வீட்ல இப்போ போனுக்குப் பேர் அத்தை" என்றாள்.

"திருத்தி விடும்மா."

"மாட்டேன்."

மறு வருஷம் டீச்சரின் மகளுக்குக் கல்யாணமாகி அவளும் கடல் தாண்டிப் போனாள். போகும்போது ஏர்போர்ட் மாமாவிடம் அரை நாள் பாடம் கேட்க வேண்டியிருந்தது. பிறகு மாமாவும் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார், இந்தத் தடவையாவது விழித்துக்கொண்டு போனாரா தெரியாது. பார்லர்க்காரியோ, கண்ணாடி மாற்றப் போன இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். ஒரு கண்ணாடிக்கு ஏன் அத்தனை தடவை போகிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது இன்றைக்கும் உறுத்துகிறது. பதிவு அலுவலகத்து மேஜையில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுண்டு அந்தப் பக்கமிருந்து திரையைத் தட்டினாள். கல்யாணப்பெண் கையெழுத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கமிருந்து தட்டினாள். குட்டிக் கட்டிலை மடித்து எடுத்துக்கொண்டு கணவர் ஊருக்கே குடிபோய்விட்டாள். பார்லர் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.