நல்ல நேரம் பார்த்து நிக்கிற கேமரா

என் கேமராவுக்கு என் மேல அப்படி என்ன ஜென்மப் பகைன்னு தெரியல. கல்லு மாதிரி உக்காந்திருக்கிற ஆளைப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தா சமத்தா எடுக்கும். அதே கேமரா, பல்லு முளைக்காத ஒரு குழந்தை முதல் தடவையா வாய்விட்டுச் சிரிக்கிறப்போ அப்படியே நின்னுடும். திரையில படம் உறைஞ்சு கிடக்கும், எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஊஹூம். பேட்டரியைக் கழட்டி மறுபடி மாட்டினாத்தான் உயிர் வரும். அதுக்குள்ள அந்தக் குழந்தை சிரிச்சு முடிச்சு, அழுது முடிச்சு, தூங்கியே போயிருக்கும்.

செருப்புக் கடைக்கு மேல மாடியில என் ஸ்டுடியோ. ஒரே ரூம், ஒரு வெள்ளைத் திரை, ரெண்டு லைட்டு, உக்காந்தா கீச்சுனு கத்துற ஒரு சுழல் நாற்காலி. அங்க நான் முதலாளி, என் வீட்டுக்காரரோட தங்கச்சி எனக்கு உதவியாளர். அவளைக் கேட்டா நேர்மாறாச் சொல்லுவா. வீட்ல எல்லாரும் அவளை வாலுன்னுதான் கூப்பிடுவோம், அவ்வளவு சேட்டை. வெள்ளி அட்டையைப் பிடிச்சு வர்றவங்க முகத்துல வெளிச்சம் அடிக்கிறது, கலைஞ்ச முடியைச் சரி பண்றது, குழந்தைங்களுக்கு முன்னாடி குரங்கு மாதிரி குதிக்கிறது எல்லாம் அவ வேலை. நான் கத்துறதைக் காதுல வாங்காம இருக்கிறதும் அவ வேலைதான். எனக்கு மூக்கு மேல கோவம். அவளுக்கு அது தூசு.

அந்த வாலுக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளை எங்க தெருமுனை பேக்கரிக்காரர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த மனுஷனோட காலரைச் சரி பண்றேன் பேர்வழின்னு இவ விடாம நீவிக்கிட்டு நின்னப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, அப்புறம் பேக்கரியிலேயே சாப்பாடு. அவ்வளவுதான் ஏற்பாடு.

"அண்ணி, படம் நீங்கதான் எடுக்கணும்"னா.

"இந்தக் கேமராவை நம்பியா? உனக்கென்ன பைத்தியமா? நல்ல ஆளாப் பார்த்து நானே பேசி விடுறேன்."

"வேற யாராவது வந்தா நான் கடைசி வரைக்கும் உம்முனு நிப்பேன். உங்களுக்குச் சம்மதம்னா கூப்பிடுங்க."

பிடிச்சா பிடிச்ச பிடிதான் அவளுக்கு. ஆனா நடுவுல கேமரா நின்னா என்ன பண்றது? 'கொஞ்சம் இருங்க, பேட்டரியைக் கழட்டி மாட்டிக்கிறேன், இன்னொரு தடவை கட்டிக்கோங்க'ன்னா சொல்ல முடியும்? நாத்தனார்னு பேரே தவிர, அவ எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. ஊர்ல இருக்கிறவங்க கல்யாணமெல்லாம் எடுத்துட்டு, அவளோடதைச் சொதப்பினேன்னா அந்த வருத்தம் எனக்குக் கட்டையில போற வரைக்கும் ஆறாது.

அன்னைக்கே ஆரம்பிச்சோம் வைத்தியத்தை. முதல்ல மெமரி கார்டு மேல சந்தேகம். புதுசு வாங்கிப் போட்டோம். அடுத்து பேட்டரி, அதையும் மாத்தினோம். லென்ஸைக் கழட்டி, அது உக்கார்ற இடத்துல இருக்கிற பித்தளைப் புள்ளிகளை மெல்லிசுத் துணியால துடைச்சோம். உள்ள இருக்கிற மென்பொருளையும் புதுசாக்கினோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல இயற்பியல் வாத்தியார். "சூடு. வேற ஒண்ணுமே இல்ல, சூடுதான்"னு தீர்ப்பு சொல்லிட்டு, கேமராவுக்கு நேரா டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சார். கட்டின பொண்டாட்டிக்கு ஒருநாள்கூட அந்த ஃபேனைத் திருப்பினதில்ல.

வீட்ல சுவத்தைப் பார்த்து எடுத்துப் பார்த்தேன். கை வலிக்கிற வரைக்கும் எடுத்தேன். ஒரு தடவைகூட நிக்கல. சரின்னு ஸ்டுடியோவுக்குப் போய், பட்டம் வாங்கின பிள்ளைங்க கூட்டமா நின்னு தொப்பியைத் தூக்கிப் போட்டப்போ அமுக்கினேன். நின்னுடுச்சு. தொப்பியெல்லாம் கீழ விழுந்து, பொறுக்கி, தூசி தட்டி, மறுபடி தலையில வச்ச பிறகுதான் எனக்குப் படம் கிடைச்சுது.

ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போனேன். அவர் கேமராவைப் பச்சைக் குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் பதமா ஏந்தி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"அம்மா, இவ்வளவு ஆரோக்கியமான கேமராவை நான் சமீபத்துல பார்க்கல."

"அப்போ எனக்குத்தான் ஏதோ கோளாறுன்றீங்க?"

"நான் அப்படிச் சொல்லல. நீங்களாத்தான் சொல்றீங்க"ன்னு சிரிச்சார். எனக்கு வந்த கோவத்துக்கு அவர் கடை ஷட்டரையே இழுத்து மூடியிருப்பேன்.

தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேமரா இரவலும் வாங்கிப் பார்த்தேன். அடுத்தவங்க பல்செட்டை மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. பட்டனெல்லாம் வேற வேற இடத்துல, வெளிச்சத்தைக் குறைக்கப் போனா படம் அழியுது. அதை மரியாதையாத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் எல்லாரும் ஹால்ல உக்காந்திருந்தோம். நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு, வேற போட்டோகிராஃபர் ஒருத்தருக்குப் பேச போனை எடுத்தேன். வாலு என் கையில இருந்து போனைப் பிடுங்கிட்டா.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. அது நிக்கிறதுக்கு முன்னாடி நீங்க நாக்கைக் கடிக்கிறீங்க."

"என்னது?"

"நல்ல படம் மாட்டப் போகுதுன்னா நாக்கு நுனியைக் கடிப்பீங்க. உங்களுக்கே தெரியாது. கை நரம்பெல்லாம் புடைக்கும். உடனே 'சனியன், நின்னுடுச்சு'ன்னு கத்துவீங்க. எப்பவும் இதே வரிசைதான்."

வர்றவங்க எல்லாரும் லென்ஸைப் பார்ப்பாங்க. அட்டையைப் பிடிச்சுக்கிட்டு அவங்க பக்கத்துல நின்னு, என் மூஞ்சியைப் பார்க்கிறவ இவ ஒருத்திதான்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உக்காந்தார். "அப்போ நீ சந்தோஷப்பட்டா கேமரா நிக்குது. சோதனை பண்ணிடலாம். எங்க, சந்தோஷப்படு."

"உத்தரவு போட்டாச் சந்தோஷம் வந்துடுமா? நான் என்ன சாவி கொடுக்கிற பொம்மையா?"

"ஒரு எலக்ட்ரான் கடைக்குப் போச்சாம்..."

"ஐயோ, வேணாங்க! கல்யாணமான நாள்ல இருந்து அதையேதான் சொல்றீங்க."

வாலு என் விலாவுல கிச்சுகிச்சு மூட்டினா. நான் எரிச்சல்ல அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். கேமரா ஜோரா ஓடுது. பிரிட்ஜை எடுத்தேன், காலண்டரை எடுத்தேன், வீட்டுக்காரரோட வழுக்கையை எடுத்தேன். எதுக்கும் அது அசரல. பாவி, கோவத்துக்கு நல்லா வேலை செய்யுது.

அப்பத்தான் உள்ரூம் கதவு ஒருக்களிச்சுத் திறந்திருந்ததைப் பார்த்தேன். உள்ள என் மாமனார். ஆயுசுல எந்தப் படத்துலயும் பல்லைக் காட்டாத மனுஷன். பொண்ணு கல்யாணத்துலயாவது சிரிச்ச முகமா நில்லுங்கன்னு மாமியார் சொல்லியிருப்பாங்க போல. பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னு, சட்டைப் பட்டனையெல்லாம் போட்டுக்கிட்டு, சிரிச்சுப் பழகிக்கிட்டு இருந்தார். முதல்ல மேல் பல்லு மட்டும். திருப்தி இல்ல. அப்புறம் ரெண்டு வரிசையும். அதுவும் சரியில்லன்னு தலையை ஆட்டிட்டு, ஒரு பக்க உதட்டை மட்டும் விரலால தூக்கி விட்டுப் பார்த்தார்.

எனக்கு அடிவயித்துல இருந்து சிரிப்பு பொங்கிடுச்சு. சத்தம் வராம கேமராவைத் தூக்கினேன். ஒண்ணு. ரெண்டு. நின்னுடுச்சு.

"நின்னுடுச்சு!"ன்னு கத்தினேன். "நின்னுடுச்சு!"ன்னு வாலு குதிச்சா. வீட்டுக்காரர் கை தட்டினார். கேமரா கெட்டுப் போனதுக்கு ஒரு குடும்பமே கூத்தாடினது எங்க வீடாத்தான் இருக்கும். மாமனார் பதறிப் போய் வெளிய வந்தார்.

"என்னம்மா ஆச்சு? என் சிரிப்பைப் பார்த்தா நின்னு போச்சு?"

"ஆமாம் மாமா! நீங்க நல்லா இருக்கணும் மாமா!"

"அண்ணி, கையை எடுக்காதீங்க, அப்படியே வச்சிருங்க"ன்னு வாலு என் கைக்குப் பக்கத்துல கண்ணைக் கொண்டு வந்தா. கேமராவோட வலது பக்கத்துல, உள்ளங்கை அழுந்துற இடத்துலதான் மெமரி கார்டு போடுற சின்னக் கதவு. பின்னாடி இழுத்தாத் திறக்கும். சந்தோஷத்துல நான் கேமராவைப் பிழிஞ்ச பிழியில, அந்தக் கதவு ஒரு மயிரிழை பின்னாடி நகர்ந்திருந்துச்சு. படத்தைப் பதிஞ்சுக்கிட்டு இருக்கிறப்பவே கார்டை யாரோ உருவறாங்கன்னு கேமரா பயந்து நின்னிருக்கு. சுவத்தைப் பார்த்து யாரு அப்படிப் பிழிவா? ரிப்பேர்காரருக்குத்தான் என் கேமராவைப் பார்த்து என்ன பூரிப்பு வரப் போகுது?

மறுநாள் அவர்கிட்ட காட்டினோம். கதவோட கொக்கி தேஞ்சிருக்கு, புதுசு வரவழைக்கக் கல்யாணம் தாண்டிடும்னார். காலி கார்டு ஒண்ணைப் போட்டு, கதவு மேல கறுப்பு டேப்பை இழுத்து ஒட்டிக் கொடுத்தார். "இது தாங்கும். இருந்தாலும் கொஞ்சம் மெதுவாப் பிடிங்கம்மா"ன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் சொல்லாம இருந்திருக்கலாம். பதிவு ஆபீஸ்ல அந்த 'மெதுவா'தான் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் வழியா நல்ல வெளிச்சம், அத்தனையும் வாகா அமைஞ்சிருக்கு. நான் கேமராவை விரல் நுனியால பிடிச்சுக்கிட்டு, சந்தோஷப்படக் கூடாது, சந்தோஷப்படக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு எடுத்தேன். கேமரா நிக்கல. வீட்டுக்காரர் பின்னாடி இருந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, எல்லாரையும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு?"

எனக்குத் தெரியாதா? படத்துல எல்லாரும் இருந்தாங்க. கல்யாணத்தைத்தான் காணோம். அழுகையே வந்துடுச்சு எனக்கு.

அதிகாரி கூப்பிட்டார். மாப்பிள்ளை முதல்ல கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவை வாலுகிட்ட நீட்டினார். இதுதான் படம், இதை விட்டா வேற இல்ல. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனேன். நான் கேமராவைத் தூக்கினதைப் பார்த்ததும் வாலு சட்டுனு ஒதுங்கிட்டா. யோசிக்கவே இல்ல, கை, கால் எல்லாம் பழக்கத்துல தானா நடந்துச்சு. படத்துக்கு வெளிய போய், மேஜை மேல இருந்த வெள்ளை ஃபைல் அட்டையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி மாப்பிள்ளை முகத்துல அடிச்சா.

"அண்ணி, ம், எடுங்க!"

மாப்பிள்ளை பேனாவைக் காத்துல நீட்டிக்கிட்டு ஒத்தை ஆளா நிக்கிறார். அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கி, "பொண்ணு எங்கங்க?"ன்னார்.

"அடியே!" நான் போட்ட சத்தத்துல அந்த ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. "இன்னைக்கு நீதான்டி படம்! அதைக் கீழ வச்சுட்டு உள்ள வாடி!"

அவளுக்கு அப்பத்தான் உறைச்சுது. அட்டையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மாப்பிள்ளையைப் பார்த்தா. வெடிச்சுச் சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்புல மாப்பிள்ளைக்குப் பேனா கையில நிக்கல. அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார். மெதுவாவது, விரல் நுனியாவது! அந்தக் கேமராவை என் பலம் முழுக்கச் சேர்த்துப் பிழிஞ்சேன். எடுத்தேன், எடுத்தேன், கண்ணுல தண்ணி முட்டி எதிர்ல யாருன்னே தெரியாதப்பவும் எடுத்துக்கிட்டே இருந்தேன். டேப்பு இம்மிகூட அசையல.

"போதும் அண்ணி, கையெழுத்துப் போடணும்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே கெஞ்சினா.

"போடலாம், இரு. இத்தனை வருஷமா வெளியவே நின்னுட்டே. இன்னும் கொஞ்ச நேரம் படத்துக்குள்ளேயே நில்லு."