ஒரு மாதத்துக்கு மட்டும்

நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக் கிடங்கில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘மிச்சம்’. முகத்துக்கு நேரே என்றால் ‘மிச்சம் சார்’. ஊசி, பஞ்சு, கையுறை எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. பத்துப் பெட்டி கேட்டால் எட்டுதான் கொடுப்பேன். அந்த எட்டிலும் ஒன்று திரும்பி வரும். ஊதாரி என்று பெயர் எடுப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவன், பதினாறு மாதமாக ஓடாத ஒரு காருக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவும் இருப்பதிலேயே நஷ்டமான வழியில்.

கணக்கு எளிதுதான். ஆண்டு வரியை ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி போக மூவாயிரத்து இருநூற்று நாற்பது. மாதாமாதம் கட்டினால் தள்ளுபடி கிடையாது. மாத வரி முந்நூறு, அதன்மேல் சேவைக் கட்டணம் இருபத்தைந்து. ஆண்டுக்கு அறுநூற்று அறுபது தண்டம். வண்டியை ஓட்டப் போவதில்லை என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்துவிட்டால் வரியே கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கட்டுகிறேன்.

கார் என் மகளுடையது. சம்பளத்தைச் சேர்த்து அவளே வாங்கிய சின்ன வண்டி. வண்டி வாசலுக்கு வந்த அன்றே ஒரு பழுப்புக் கவரில் ‘வரி’ என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். மாதம் பிறந்ததும் இருநூற்று எழுபதை இதில் போட்டுவிடு, ஆண்டு முடிவில் கையைக் கடிக்காது என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் மாதம், அவளுடைய அலுவலகத் தோழி எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் கவரைக் கொண்டுவந்து பிரித்தேன். காலி. கூட வேலை பார்க்கும் ஒருத்திக்கு வாடகை கொடுக்க முடியவில்லை என்று எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். நான் சும்மா இருந்திருக்கலாம். தோழி போகும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

“ஒரு கவரைக் காப்பாத்தத் துப்பில்லை. நாளைக்கு ஒரு குடும்பத்தை எப்படிக் காப்பாத்தப் போறே?” என்று கேட்டேன்.

 மகள் தோழியின் தட்டையும் தன் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவிவைத்தாள். அடுத்த வாரமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கார் சாவி அந்தக் கவருக்குள் என் மேஜைமேல் இருந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியும் என்றால், சொல்கிற விலைக்குப் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். என் மனைவி சமையலறையில் நின்று பேசுவாள், நான் கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். “சாப்பிட்டியா?... இருமல் விட்டுச்சா?... ம்... இருக்கார்.” அந்த ‘இருக்கார்’ ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும் பங்கு.

முதல் மாதம் நான் ஒன்றும் நினைத்துக் கட்டவில்லை. மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இல்லை. அபராதம் விழக்கூடாதே என்று வரி அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒரு மாதத்துக்குக் கட்டினேன். அந்த ஞாயிறு சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“வரி கட்டின மெசேஜா? உனக்கா வந்துச்சு?... அப்பாவாத்தான் இருக்கும். வேற யாரு போய் க்யூல நிப்பா?”

வண்டி அவள் பெயரில் இருக்கிறது. பதிவில் இருப்பது அவள் நம்பர். யார் கட்டினாலும் செய்தி அவளுக்குத்தான் போகும். நான் உடனே கணக்குப் போட்டேன். மொத்தமாகக் கட்டினால் ஆண்டுக்கு ஒரு செய்தி, மாதாமாதம் கட்டினால் பன்னிரண்டு.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் நாள் கிடங்குக்குப் போகும் முன் வரி அலுவலகம். சனிக்கிழமை காலையில் காரின் மேலுறையை எடுத்துவிட்டு, பேட்டரி செத்துவிடாமல் இருக்க நின்ற இடத்திலேயே இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடுவேன். அவள் குட்டை. இருக்கையை முன்னால் இழுத்துவைத்திருக்கிறாள். பின்னால் தள்ள ஒரு நெம்பு போதும். நான் தள்ளவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க உட்கார்ந்திருப்பேன். கியர் கம்பியில் அவளுடைய தலைமுடி ரப்பர் ஒன்று மாட்டியிருக்கிறது.

போன மாதம் என் மைத்துனன் வந்தான். பழைய கார் வாங்கி விற்பவன், வாய்க்குப் பூட்டு கிடையாது.

“அத்தான், ஓடாத வண்டிக்கு வரியா? கிடங்குல தெரிஞ்சா உங்க பேரைப் பிடுங்கிடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே அந்த ‘ஓட்டப் போவதில்லை’ படிவத்தை மேஜைமேல் வைத்தான். எல்லாம் அவனே நிரப்பியிருந்தான். “அவ கையெழுத்து மட்டும் வேணும். அக்கா கேட்டா இன்னிக்கே போட்டு அனுப்பிடுவா.”

நான் படிவத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் நேரத்தைக் கடத்தினேன். ஓட்டப் போவதில்லை என்பதற்குக் கீழே அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று இருந்தது.

“விடுடா” என்றாள் என் மனைவி. “வாழ்க்கையில ஒண்ணையாவது வீணாக்கிட்டுப் போகட்டும்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பதினாறு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதோடு நிம்மதியாக இருந்தேன், போன ஞாயிறு வரை. அன்று சமையலறையில் கேட்டது, “நம்பரை மாத்தப் போறியா? எதுக்கு?” பதில் என்ன வந்ததென்று தெரியவில்லை.  பழைய நம்பர் போய்விட்டால் நான் கட்டுகிற வரி யாருக்கும் போய்ச் சேராது. அந்த வாரம் முழுக்கக் கிடங்கில் கேட்டவர்களுக்குக் கேட்ட எண்ணிக்கையிலேயே எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் சாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் தேதி வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும்.

“வாங்க சார். இந்தத் தடவையும் ஒரு மாசத்துக்குத்தானா?” என்று வண்டி எண்ணைத் தட்டியவள் நிறுத்தினாள். “கட்டியாச்சே சார். நேத்து சாயங்காலம். ஆன்லைன்ல.”

 மகள் முழு ஆண்டுக்கும் கட்டிவிட்டாள், இனி என் செய்தி வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்த கணக்குத்தானே, தள்ளுபடியோடு கட்டிக் கதவைச் சாத்திவிட்டாள்.

“எத்தனை மாசத்துக்கும்மா?”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். முந்நூற்று இருபத்தைந்து.

“ஒரு மாசத்துக்கு மட்டும். அவங்க புது போன் நம்பரையும் பதிஞ்சிருக்காங்க சார். இனிமே மெசேஜ் எல்லாம் அதுக்குத்தான் போகும்.”

நான் அந்த முந்நூற்று இருபத்தைந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார். மூவாயிரத்து இருநூற்று நாற்பதை மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு லாபம் என்று என் மகளுக்குத் தெரியும். பதினோரு மாதம் கவரில் இருநூற்று எழுபது இருநூற்று எழுபதாகப் போட்டவள் அவள்.

“மீதி மாசத்தையும் இன்னிக்கே சேர்த்துக் கட்டினா தள்ளுபடி கிடைக்கும் சார்” என்றாள் அந்தப் பெண். “மாசாமாசம் அலைய வேண்டாம்.”

“வேண்டாம்மா” என்றேன். “அடுத்த மாசம் நான் வரணும்.”

அன்று கிடங்குக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டைப்பையில் இருந்த முந்நூற்று இருபத்தைந்தை எடுத்து, அடுத்த மாதத்துக்கு என்று, சாவி இருக்கும் பழுப்புக் கவரில் போட்டேன்.

“கட்டிட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“அவ கட்டிட்டா.”

“வருஷத்துக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன்.  அவள் கவரை என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை பிரித்துப் பார்த்தாள். பிறகு மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.