சீட்டில் இல்லாத கேள்வி

என் கணவர் முத்துக்குமாருக்கு உலகத்தில் இரண்டே வகை நாட்கள்தான். ஆடிட் நடக்கும் நாள், ஆடிட்டுக்குத் தயாராகும் நாள். ஓசூர் சிப்காட்டில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். வெளிநாட்டுக்காரர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால், அதற்கு முந்தின வாரம் அங்கே தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாகும். தொழிலாளிகள் ஒவ்வொருவருக்கும் கேள்வி-பதில் சீட்டு கொடுக்கப்படும். மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பித்தால் போதும். இந்தச் சீட்டு தயாரிக்கும் வித்தையில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த வித்தையை ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பதிலும் காட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பிள்ளையின் பெயர் லோஷினி. இவருடைய தம்பி வெள்ளைச்சாமியின் மகள். சாத்தூரிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போன வெள்ளைச்சாமி, கிள்ளானில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். போன வருஷம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி, புருஷனையும் பெண்டாட்டியையும் ஒன்றாகக் கொண்டுபோனது. பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவளுடைய சித்திதான் வைத்துப் பார்க்கிறாள். சித்திக்கே வீடு நிறையப் பிள்ளைகள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. லோஷினியை நாமே கொண்டுவந்துவிடுவோம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அதையேதான் சொல்ல அவரும் வாயெடுத்தார். சொந்தத் தம்பி மகள்தானே, போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தோம். அவ்வளவு வெகுளிகளாக இருந்திருக்கிறோம்.

சாவதற்கு ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. மிச்சம் இருந்த பிள்ளையைத் தொடுவதற்குத்தான் அத்தனை காகிதமும். எங்களுக்கு ரத்த அழுத்தம் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்தார், எங்கள் மேல் வழக்கு இல்லை என்று போலீஸ் எழுதித் தந்தது. வக்கீல் எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார். அண்ணன் தம்பி என்பதற்குச் சான்று கேட்டு ஊர்ப்பக்கம் ஒரு ஆபீசுக்கு இவர் போனபோது, தம்பியையும் ஒரு எட்டு நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார்களாம். அதற்கும் இவர் கோபப்படவில்லை. இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்குத் திகிலாக இருந்தது அதுதான். தம்பி செத்த செய்தி வந்த நாளிலிருந்து இவர் அழவே இல்லை. ஃபைல் போட்டார். வந்து சேராத காகிதத்துக்குச் சிவப்பு ஒட்டு, வந்துவிட்டதற்குப் பச்சை ஒட்டு. தம்பியின் இறப்புச் சான்றிதழில் பச்சை ஒட்டு இருந்தது. வெள்ளைச்சாமி என்ற பெயரைக்கூட அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. "குழந்தையின் தந்தை" என்பார்.

பிறகு வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத கிருஷ்ணகிரியிலிருந்து சௌமியா என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், இவருக்கு இறக்கை முளைத்துவிட்டது. செருப்பு விட மஞ்சள் பட்டையில் ஒரு கட்டம், குப்பைக் கூடைக்கு ஒரு கட்டம். கூடத்தில் தீயணைப்பு உருளை. எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். கூடத்தில் நின்றாலே தெரியும். அந்த வாசலுக்கு வழி காட்டி ஒரு வரைபடம் அச்சடித்து, அம்புக்குறி போட்டு, சுவரில் மாட்டினார்.

மாடியில் குடியிருக்கும் எங்களுக்குக் கீழே வீட்டுக்கார அம்மா நாராயணம்மா. தெலுங்குக்காரர். வாடகை வாங்க வந்தவர் தரையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தேவுடா! ஏம்மா ஜோதி, வூட்டுக்குள்ள என்னாத்துக்கு ரோடு போட்டிருக்காரு உன் வூட்டுக்காரரு?"

அவருக்கும் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் சாட்சி வேண்டுமல்லவா?

சௌமியா வந்த அன்று நாராயணம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்விக்கு, "நல்லவங்க, அமைதியானவங்க, பொறுப்பானவங்க" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சண்டை சச்சரவு உண்டாம்மா?" என்றார் சௌமியா.

"ஒரு சத்தம் கேக்காது கண்ணு. படியில வந்து நின்னு கதவுல காது வெச்சாகூட ஒண்ணியும் கேக்காது."

"வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

"தெனமும்."

சௌமியா சிரித்துவிட்டார். போகும்போது இவரிடம், "சார், குழந்த வந்தா மொதல்ல இந்த மஞ்சக் கோட்டதான் பிச்சு எடுக்கும்" என்றார். இவர் அதைக் குறித்துக்கொண்டார். கூடுதலாக ஒரு சுருள் மஞ்சள் பட்டை வாங்கி வைத்தார்.

எப்படியோ அறிக்கை நல்லபடியாக வந்து, இங்கே அனுமதியும் கிடைத்தது. இனி மலேசியாவில் குழந்தைகள் நல அதிகாரி லோஷினியிடம் தனியாகப் பேசி எழுத வேண்டும். அது முடிந்ததும் நாங்கள் போய்க் கூட்டி வரலாம். வெறும் சம்பிரதாயம்தான் என்றார் இவர். டிக்கெட் எடுத்தார். திரும்பி வருவதற்குப் பிள்ளைக்கும் சேர்த்தே எடுத்தார்.

பெட்டி கட்டுவதும் தொழிற்சாலையில் சரக்கு அனுப்புவது போலவே நடந்தது. தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தூக்கி எடை பார்த்தார். நான் வைத்த மாங்காய் ஊறுகாயைக் "கசியும்" என்று எடுத்து வெளியே வைப்பார். அவர் குளிக்கப் போகும்போது நான் திரும்ப உள்ளே வைப்பேன். லோஷினிக்குக் கவுன் வாங்க அளவு வேண்டும் என்று கவுன் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அவள் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து, "தோள்: ஒரு ரூலர், கொஞ்சம்" என்று பதில் அனுப்பியிருந்தாள். இவர் திருப்பிக் கேட்டார்: "கொஞ்சம் என்றால் எத்தனை மில்லிமீட்டர்?"

நானும் தினம் காலையில் அவளோடு பேசுவேன். எடுத்ததும், "பெரிம்மா, பசியாறிட்டீங்களா?" என்பாள். அந்த ஊர்த் தமிழர்கள் காலை ஆகாரத்தை அப்படித்தான் கேட்பார்களாம். அந்த ஒரு கேள்வியை இன்னும் கொஞ்ச நாளில் என் அடுப்படியில் நின்று கேட்பாள் என்று நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது. இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடப் பயமாக இருந்தது.

நல அதிகாரி பேசிய அன்று மாலை கிள்ளானிலிருந்து சித்தி அழைத்தாள். குரலே சரியில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

உனக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போக இஷ்டமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "எனக்கு முழு விருப்பம்" என்றிருக்கிறாள் லோஷினி. ஏன் என்று கேட்டதற்கு, "அவர்கள் பொறுப்பானவர்கள், நிலையான வருமானம் உள்ளவர்கள்" என்றிருக்கிறாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நிலையான வருமானம்னா என்ன கண்ணு?"

"அது பேப்பர்ல இல்ல டீச்சர்."

எனக்குத் தெரியாமல் அவளுக்கும் சீட்டு போயிருக்கிறது.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது; பயணத்தை நிறுத்தி வைக்கவும்; மறுபடி ஒரு முறை பேசப்படும்; அப்போதும் இப்படியே இருந்தால் கோப்பு மூடப்படும். பெட்டிகள் கூடத்தில் பூட்டுப் போட்டு நின்றன. நான் பிடித்த சண்டையை நாராயணம்மா கீழே இருந்தபடியே கேட்டிருப்பார்.

"எட்டு வயசுப் புள்ள வாயில நிலையான வருமானமா? உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எல்லா ஆடிட்டுக்கும் இதத்தான செய்றோம்? ஒரு தடவையும் தப்பா போனதில்ல ஜோதி."

"அவகிட்ட இதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசியிருக்கீங்களா? கவுன் அளவு கேட்டீங்க. வேற என்ன கேட்டீங்க? சொல்லுங்க."

அவர் மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். தொழிற்சாலையில் எது கெட்டுப்போனாலும் அப்படி ஒரு படிவம் நிரப்புவார்கள். அதில் மூல காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் எழுதுவது ஒன்றுதான்: தொழிலாளிக்குப் போதுமான பயிற்சி இல்லை. அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. லோஷினி. வழக்கமாக அவள் என்னைத்தான் அழைப்பாள்.

"பெரிப்பா, நான் ஃபெயிலா?" அழுதுகொண்டிருந்தாள். "இனிமே நல்லா மனப்பாடம் பண்றேன் பெரிப்பா. இன்னொரு பேப்பர் அனுப்புங்க."

அவர் லேப்டாப்பை மூடினார்.

"நீ ஃபெயில் இல்ல தாயி. பேப்பர் எழுதிக் குடுத்தவன்தான் ஃபெயிலு."

"பெரியவங்ககூட ஃபெயில் ஆவாங்களா?"

"ஆவாக. உங்கப்பன் ஏழாப்புல எல்லாத்துலயும் ஃபெயிலு. வீட்டுல காமிச்சா அடி விழும்னு ரேங்க் கார்டத் தூக்கிட்டு என்கிட்டதான் வந்தான். எங்கய்யா கையெழுத்த நான்தான் போட்டுக் குடுத்தேன்."

"கள்ளக் கையெழுத்தா?" அழுகை போய் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"ஆமா. மாட்டிக்கிட்டான். வெள்ளையன் என்னையக் காட்டிக் குடுக்கவே இல்ல. அம்புட்டு அடியையும் அவனே..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். நாடு நாடாகக் காகிதம் அனுப்பியவருக்குத் தம்பி செத்துப்போனது அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பெரிப்பா? லைன் போச்சா?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை வாங்கி, "லைன் இருக்குடா" என்றேன்.

இரண்டாவது முறை அதிகாரி அவளோடு பேசுவதற்கு நாங்கள் எதுவும் அனுப்பவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டபோது, தோன்றினதைச் சொல் என்றோம். வர இஷ்டமில்லை என்று தோன்றினாலும் சொல் என்று இவரே சொன்னார். சொல்லிவிட்டு அன்று லீவு போட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அவளுக்கு இஷ்டமில்லை என்றால் எங்கள் வீடு இப்படியே சுத்தமாக, சத்தமில்லாமல், கோடு போட்டபடியே கிடக்கும். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அதிகாரியே அழைத்தார். தமிழ்ப் பெண்மணிதான். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்ககூட வர இஷ்டமான்னு கேட்டேன். தெரியலன்னு சொல்றா."

நான் போனுக்கு இன்னும் கிட்டே போனேன்.

"பயப்படாதீங்க. தெரியலன்னு சொல்ற பிள்ளையை நான் நம்புறேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதீங்க, ரெண்டு பேரும் வாங்க. கொஞ்ச நாள் அவகூட இருங்க. அப்புறம் நான் திரும்பக் கேட்டுக்கறேன்." அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணு. உனக்கு ஏதாச்சும் கேக்கணுமான்னு அவளைக் கேட்டேன். ஒண்ணு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல."

"என்ன கேட்டா?" என்றேன்.

"எனக்கு அவங்களப் பிடிக்குமான்னு எல்லாரும் கேக்குறாங்க. அவங்களுக்கு என்னையப் பிடிக்குமான்னு யாருமே சொல்லலையேன்னு கேட்டா."

மேஜைமேல் ஃபைல்கள் அடுக்கியிருந்தன. எங்கள் சம்பளம், எங்கள் உடம்பு, எங்கள் நடத்தை எல்லாம் அதில் இருந்தன. இது இல்லை.

"அவகிட்ட குடுங்க மேடம்" என்றார் இவர். போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"லோஷினி. தாயி, எங்களுக்கு உன்னைய ரொம்பப் பிடிக்கும். நீ வந்தாலும் பிடிக்கும், வராட்டியும் பிடிக்கும். பெரிம்மாவுக்கும்தான். இந்தா, பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டு இருக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்புறம் ஏன் முதல்லயே சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். "அதான் தாயி, பேப்பர் எழுதினவன் ஃபெயிலுன்னு சொன்னேன்ல" என்றார்.