இறங்கி வந்த வாடை

டிரைவிங் மாஸ்டர் இறந்த இரண்டாம் மாதம், அவருடைய காரின் ஏசிக்குள் இருந்த பூஞ்சை நாற்றம் ஒரு மாலை கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்தது. பக்கத்து மேஜையில் இருந்த பால் திரிந்தது, ரொட்டியில் பச்சை முடி முளைத்தது. அதற்கு அப்பால் இருந்த எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இருட்டியதும் அது எழுந்து காருக்கே திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து இதுவே வழக்கமாயிற்று.

நாற்றம் புதிதல்ல. அவர் இருந்தபோதே ஏசியைப் போட்டால், நனைந்த நாய் படுத்த சாக்கில் ஊளைமோரை ஊற்றி முகத்தில் உதறியது போல இருக்கும். தூசி ஆகாது என்று அவர் கண்ணாடியை இறக்க விடமாட்டார். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை வருஷக்கணக்கில் அமுக்கியே வைத்திருந்தார். பழக வந்த அத்தனை பேரின் வியர்வையும் ஏப்பமும் பயமும் வெளியே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே வயதாகிக்கொண்டிருந்தன. அவருக்கு மட்டும் எதுவும் நாறவில்லை. கழற்றி வைத்தால் தானாக நிற்கும் சாக்ஸை அணிந்த மனிதர் அவர். அவரைக் கால் கழுவாமல் மனைவி ஒருநாளும் வாசல் தாண்ட விட்டதில்லை.

அவருக்குப் பிறகு மகள் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். முதலில் வந்த தையல்காரர் இரண்டாவது கியரிலேயே வாந்தி எடுத்தார். அடுத்து வந்த நர்ஸ் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டதில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆளில்லை, கார் ஒரு முள்வேலியில் போய் நின்றது. இறங்கும்போது அவர், "வண்டி ஓட்டக் கத்துக்கலாம்னு வந்தேன்க்கா. மூச்சடக்கவும் சேத்தே சொல்லிக் குடுக்கறீங்க" என்றார். பிறகு யாரும் வரவில்லை. மகள் எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டாள். பிணத்துக்குப் பவுடர் பூசியது போல ஆயிற்று; அன்று மாலை நாற்றம் எலுமிச்சை மணக்க வீட்டுக்குள் வந்தது.

கடைசியில் ஏசி மெக்கானிக் மூக்கனைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வாசனையே தெரியாது, அதனால்தான் அந்தப் பெயர். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி ஃபில்டரை உருவினார். எலி குட்டி போட்ட மெத்தை போல இருந்தது. அதற்குப் பின்னால், காற்றைக் குளிர்விக்கும் காயில் சுருள் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டாய் வழுவழுத்தது; விரல் பட்ட இடத்தில் சளி போல ஒன்று நூல் விட்டது. நுரை மருந்தை அடித்துவிட்டுக் காருக்கு அடியில் பார்த்தார். ஏசித் தண்ணீர் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"இத்தன வருஷத் தண்ணி எங்கம்மா போச்சு?" என்றவர், கீழே படுத்து, தண்ணீர் வடியும் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தார். சுருட்டி அடைத்த ஒற்றைச் சாக்ஸ் வந்தது.

அதன் ஜோடி அலமாரியில் இருப்பது மனைவிக்குத் தெரியும். "இங்க எதுக்கு இத சொருகினாரு மனுஷன்?" என்றாள்.

"வண்டி சொட்டி வாசல் சிமெண்டெல்லாம் பாசி புடிக்குதுன்னு நீதானம்மா தெனம் கத்துவ" என்றாள் மகள். "அப்புறம் ஒருநாள் சொட்டறது நின்னுபோச்சு. நீயும் வாய மூடிட்ட."

அதற்குள் குழாயிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. மீன் கழுவிய நிறத்தில், முடியும் காளானும் மிதக்க, தெருமுனை வரை போனது. குமிழிகள் உடைந்தபோது இருமல் கேட்டது; "கிளட்ச்ச மெதுவா விடு" என்றும் கேட்டது. அண்டை வீட்டார் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செத்தும் நிம்மதியா விடமாட்டேங்கிறாரு என்று திட்டினார்கள்.

மூக்கன் புது ஃபில்டரை மாட்டிவிட்டு, மிச்ச நுரையோடு உள்ளே வந்தார். "இதுதான் அந்த நாற்காலியா? ஒரே அடி, போயிடும்."

மனைவி நாற்காலியைப் பார்த்தாள். "வேணாம். அத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கார் சுத்தமாயிற்று. ஆட்கள் திரும்பினார்கள், நர்ஸ் உட்பட. வீடு நெருங்கும்போதே மகள் ஏசியை அணைத்து வெறும் காற்றாடியை ஓடவிட்டுக் காயிலை உலர்த்திவிடுவாள்; வெளிக்காற்றும் வரட்டும் என்று விட்டிருந்தாள். வாசல் சிமெண்டில் தண்ணீர் சொட்டியது, பாசி பிடித்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அலசி அலசிக் கை தேய்ந்த பின் சாக்ஸ் இரண்டும் கொடியில் ஜோடியாகக் காய்ந்தன.

காரில் இடமில்லாமல் போன நாற்றம் அதன்பின் நடந்தே வந்தது. மாலையில் அது வாசலுக்கு வந்ததும் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்பாள். வெளிக்குழாய் திறக்கும், கொஞ்ச நேரம் ஓடும், மூடும். பிறகு பிரம்பு நாற்காலி குழியும். பாலை அவள் முன்பே அடுத்த அறைக்கு மாற்றி வைத்திருப்பாள்.