வெள்ளைக்காரக் குழந்தையின் கல்லறை

அனுசுயா அந்த நாவலை நான்கு முறை படித்திருந்தாள். இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு தமிழ்க் கிராமத்தில் தங்கிய பாதிரியார் குடும்பத்தின் கதை. எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பாடம். மாநிலக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வகுப்பிலிருந்து ஒருவர் போகலாம். இன்றைய கலந்துரையாடலை வைத்துப் பேராசிரியர் ஞானசேகரன் ஆளைச் சொல்வார். அது தான்தான் என்று அனுசுயா முடிவுகட்டியிருந்தாள்.

"ஆக்னஸ், நீ ஆரம்பிமா," என்றார் அவர். "உங்க வீட்டுக் கதை மாதிரி."

ஆக்னஸ் எழுந்தாள். கையில் குறிப்பேடுகூட இல்லை.

"சார், எங்க கோயில் கல்லறைத் தோட்டத்துல ஒரு வெள்ளைக்காரக் கொழந்தை கல்லறை இருக்கு. பேரு தேஞ்சி போச்சு. கல்லறைத் திருநாளுக்கு எங்க பெரியப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு, மிச்சத்த அதுக்கு அடிப்போம். ஒரு மெழுகுவத்தி ஏத்துவோம். யாருன்னு அப்பாக்கும் தெரியாது. வந்து கேக்க ஆளில்லாத புள்ளன்னு சொல்வாரு."

ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத எழுதுமா. கருத்தரங்குல இதைத்தான் வாசிக்கணும்."

அனுசுயாவுக்குப் பொறுக்கவில்லை. நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிறிஸ்தவ வீட்டில் பிறந்ததற்குப் பரிசா? எழுந்துவிட்டாள்.

"ஆக்னஸ், நாவல்ல பாதிரியாரோட கடைசிப் பொண்ணு எதனால சாவுது?"

"சாவுதா?"

பின்வரிசையில் பரத் மேசையைத் தட்டினான். "மாட்னியா மாமே! மெழுகுவத்தி ஏத்துன ஆளு பொஸ்தகத்தையே தொறக்கல!"

வகுப்பு சிரித்தது. ஆக்னஸும் சிரித்தாள். "நாப்பது பக்கம் படிச்சேன் சார்."

"அப்ப அனுசுயா போகட்டும்," என்றார் ஞானசேகரன். குரல் இறங்கியிருந்தது.

மாலை, சென்னீர்குப்பம் பேருந்து நிறுத்தம். ஆக்னஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அனுசுயாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"அனு, அந்தக் கொழந்த எப்டிடீ செத்துச்சு?"

"படிச்சுக்கோ."

"ரொம்பத்தான் பண்ற. சொல்லுடி."

சொன்னாள். அம்மை. அப்பா வெளியூருக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தார். ஊரார் கிட்டே வரவில்லை. தாய் ஒருத்தியே குழிவெட்டிப் புதைத்தாள். மறுவருடம் மாற்றல் வந்தது. கல்லறையை விட்டுவிட்டுப் போனார்கள்.

பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்துத் திரும்பினாள். ஆக்னஸ் அழுதுகொண்டிருந்தாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அப்பா, நம்ம கொழந்த பொண்ணுப்பா. அம்மை போட்டு செத்துச்சாம். அவங்கம்மாவே பொதச்சாங்களாம். ஒண்டியா. இல்லப்பா, வேணும்னு உட்டுட்டுப் போகல. மாத்திட்டாங்களாம்."

அது வேறு குழந்தை, எழுதியவர் உண்டாக்கியது என்று சொல்ல அனுசுயா வாயைத் திறந்தாள். அதற்குள் போனில் ஒரு ஆண்குரல் உடைந்தது. "ஐயோ, ஆண்டவரே."

நான்கு முறை படித்ததில் ஒருமுறைகூட அவள் அழுததில்லை. அழவேண்டும் என்று தோன்றியதுமில்லை.

பேருந்து வந்தது. ஆக்னஸ் ஓடி ஏறி, ஜன்னலோரம் பையைப் போட்டு இடம்பிடித்து, "வாடி, சீக்கிரம்!" என்று கத்தினாள்.

"நீ போ," என்றாள் அனுசுயா. "நான் அடுத்ததுல வரேன்."