கண்டக்டர் இழுத்த கயிறு

கண்டக்டரின் இரண்டு கைகளையும் துணிப்பட்டையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ரிட்டயராகி எத்தனையோ காலமானாலும் தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து நினைவு தடுமாறி, வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தொங்கிய சலைன் ட்யூபைக் காலையிலிருந்து எட்டி எட்டி இழுத்தார். ஒருமுறை ஊசியே பிடுங்கிக்கொண்டு வந்து, படுக்கையெல்லாம் ரத்தம். அதனால்தான் இந்தக் கட்டு.

"வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிக் குழப்பம் வரும்மா, சரியாயிடும்," என்றாள் நர்ஸ். "ஆனா இன்னொரு தடவை பிடுங்கினா தூக்க ஊசிதான். டாக்டர் சொல்லிட்டார்."

அவர் மனைவி பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கிடந்தவர் அந்த ஊசிக்கு அப்புறம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. காலமெல்லாம் நெரிசலில் நின்றே பிழைத்த மனுஷனைக் கட்டிப்போட்டுப் பார்க்க எந்தப் பெண்டாட்டிக்குத்தான் மனசு வரும்? அதைவிடக் கொடுமை, காலையில் அவளை ஏற இறங்கப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்று யாரோ போலக் கேட்டாரே, அதுதான். அவர் வண்டியில் அவள் ஏறினால், தன் சட்டைப்பையிலிருந்து காசைப் போட்டு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மனுஷன் அவர்.

"வலது கையை மட்டும் அவிழ்த்து விடுங்க சிஸ்டர். நான் பிடிச்சுக்கறேன்."

"உங்க பொறுப்பும்மா." நர்ஸ் அவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

கை விடுபட்டதுதான் தாமதம், நேரே ட்யூபுக்குப் போனது. தடுக்கப் பாய்ந்த மனைவி பாதியில் நின்றாள். மனுஷன் முதலில் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் இரண்டு விரலை மட்டும் ட்யூபில் மாட்டி, ஒரே ஒரு இழுப்பு. பிடுங்குகிறவன் இப்படியா பிடுங்குவான்? பஸ்ஸில் அவர் மணிக்கயிறு இழுத்து அவள் பார்க்காததா? ஒரு இழுப்பு என்றால் வண்டி நிற்கணும். இரண்டு என்றால் கிளம்பணும்.

"ஏங்க, யாரு இறங்கணும்?"

"நான்தான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவசரம். எத்தனை தடவைதான் அடிக்கறது? டிரைவருக்குக் காது செவிடா?"

நர்ஸ் அவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. "ஐயோ, காலையில யூரின் ட்யூபை எடுத்தோமே, அதுக்கப்புறம் போகவே இல்லையா?" என்று ஓடிப்போய் யூரின் கேனைக் கொண்டுவந்து வைத்தாள். கேன் நிறைந்தது. கண்டக்டர் விட்ட பெருமூச்சு வார்டு முழுக்கக் கேட்டது. அதில் பாதி மனைவியுடையது.

நர்ஸ் இடது கையையும் அவிழ்த்து, சலைனைக் கண்ணில் படாதபடி மறுபக்கம் மாற்றினாள். அவரைக் கட்டியிருந்த அதே துணிப்பட்டையைத் தலைக்கு மேல் தொங்கவிட்டாள். "இனிமே இதை இழுங்க, வண்டியை நிறுத்திடறேன்." அவர் இழுத்துப் பார்த்துத் திருப்தியானார். தூக்க ஊசிப் பேச்சு அத்தோடு போயிற்று.

"எனக்கு டிக்கெட் வேணாமா சார்?" நர்ஸ் சீண்டினாள்.

"ஸ்டாஃபுக்கு வேணாம்."

"அப்போ இந்தம்மாவுக்கு?"

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"இவளுக்கா? என் காசு போட்டு எடுத்தாச்சு," என்றார். "ஏன்டி நின்னுட்டே வர்றே? உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. அவள் சரியாக உட்கார்ந்துவிட்டாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கண்டக்டர் பட்டையை இரண்டு தடவை இழுத்தார்.