பதினோராம் பக்கத்து நீர்யானை

1

இந்தக் கதை ஒரு புகாராகத்தான் என் காதுக்கு வந்தது. என் தங்கை ஒரு பள்ளியில் நூலக டீச்சர். போனில் அரை மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டு, "இத எழுதிடாதண்ணா" என்றாள். எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? எழுதி அவளுக்கே அனுப்பினேன். அடைப்புக்குறிக்குள் பேசுவது அவள்தான்.

மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, தையல்காரம்மா கனத்த மனத்துடன்

வேண்டாம். மழையும் இல்லை, மனமும் கனக்கவில்லை. அந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார்.

2

அவருடைய மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. வாரம் ஒருநாள் மதியம் தையல் கடையைச் சாத்திவிட்டு நூலகத்துக்கு உதவிக்கு வருவார். கிழிந்த பக்கத்தை ஒட்டுவார், பிரிந்ததைத் தைப்பார், அட்டை போடுவார். அவர் தைத்த புத்தகம் மறுபடி பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்று தலைமையாசிரியர் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் ஒரு படப் புத்தகத்தைத் தையல்காரம்மா கையில் திணித்து, "பத்து நிமிஷம் இத வாசிச்சுக் காட்டுங்கக்கா, வந்துடறேன்" என்று ஓடினாள்.

தரையில் முப்பது பிள்ளைகள். தையல்காரம்மா கைப்பையைத் துழாவினார். கண்ணாடி கடையிலேயே இருந்துவிட்டது. ஒட்டுகிற வேலைக்குக் கைப்பழக்கம் போதும், எழுத்துக்குப் போதாது. சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வரிசையில் மகள், "எங்கம்மா" என்று பக்கத்துப் பிள்ளையிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பார்த்து அடித்துவிட ஆரம்பித்தார். கரடி ஒன்று எதையோ தேடிப் போகிறது. பதினோராம் பக்கத்தில் ஆற்றோரம் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஏதோ.

"இது நீர்யானை."

"ஆன்ட்டி, அது கல்லு."

"எல்லாரும் அப்படி நினைக்கணும்னுதான் அசையாம படுத்திருக்கு. அதுக்கு ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல."

அறையே குலுங்கியது. ஒரு பிள்ளை சிரித்துச் சிரித்து அலமாரியில் போய் இடித்துக்கொண்டது. (அலமாரி இல்ல, பூமி உருண்டை. அது இன்னும் ஆடிட்டு இருக்கு.)

3

இரண்டு வருடமாக யாரும் தொடாத புத்தகத்துக்கு மறுநாள் அடிதடி. அதற்கடுத்த நாள் ஒரு சிறுமி அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"டீச்சர், தப்பா அச்சடிச்சிருக்காங்க. நீர்யானைய விட்டுட்டாங்க."

இந்த இடத்தில் தங்கையை வில்லியாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அன்று மாலை மகளைக் கூட்டிப்போக வந்த தையல்காரம்மாவிடம் அவள் பேசியதில் நியாயம் இருந்தது.

"அக்கா, இதுங்க இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்குதுங்க. கேட்டது ஒண்ணு, புத்தகத்துல இருக்கறது ஒண்ணுன்னா, தனக்குப் படிக்கத் தெரியலன்னு நினைச்சுக்கும். ஒருத்தி அப்படி நினைச்சு அழுதா."

"யாரு?"

"உங்க பொண்ணுதான்."

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "வீட்ல ஒரு வார்த்தை சொல்லலியே. இனிமே ஒட்டறதோட நிறுத்திக்கறேன் டீச்சர்."

"யாரு விட்டா? இருபத்தாறு பிள்ளைங்க இந்தப் புத்தகத்துக்குப் பேர் குடுத்திருக்கு. அடுத்த வாரம் வந்து உள்ளத உள்ளபடி வாசிங்க."

வீட்டுக்குப் போனதும் மகளிடம் உண்மையைச் சொன்னார். அன்றைக்கு ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். மகள் யோசித்தாள்.

"அப்ப நான் படிச்சதுதான் சரியா?"

"நீ படிச்சதுதான் சரி."

"உனக்குத்தான் படிக்கத் தெரியலயா?"

சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் சிரிப்பு அடங்கவில்லை. பொறுத்துப் பார்த்த தாய்க்கும் தொற்றிக்கொண்டது.

4

அடுத்த செவ்வாய். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. வரிக்கு வரி, பிசகாமல் வாசித்தார். பதினோராம் பக்கம் வந்தது.

"கரடி கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தது."

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "ஆன்ட்டி, அது உக்காந்தா நீர்யானைக்கு வலிக்காதா?"

வாசலில் தங்கை கைகட்டி நின்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவு ஒன்று: "அது கல்லுதான்" என்கிறார் தையல்காரம்மா. (அப்படிச் சொல்லல.)

முடிவு இரண்டு: தங்கையே உள்ளே வந்து, "வலிக்கும்" என்கிறாள். (இத அடிச்சிடு. நம்ம அம்மாகிட்ட சொல்லிடுவேன்.)

மூன்றாவதில் கரடி எழுந்து மன்னிப்புக் கேட்டு

உண்மையில் என்னதான் நடந்தது என்று தங்கையிடமும் தையல்காரம்மாவிடமும் கேட்டேன். சிரிக்கிறார்களே ஒழிய, வாயைத் திறக்கக் காணோம். ஆகவே, நீங்கள் வாருங்கள். பிள்ளைகள் நாற்காலிதான், முழங்கால் தாடையில் இடிக்கும், பரவாயில்லை. புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். சீக்கிரம். கேட்ட பிள்ளை இன்னும் கையைக் கீழே இறக்கவில்லை.